இரும்பு அடிக்கிற இடத்துல நமக்கு என்ன வேலை?

ரெண்டாம் வருஷத்துல ‘இன்ஜினீயரிங் மெட்டீரியல்ஸ் அண்ட் மெட்டலர்ஜி’ன்னு ஒரு பேப்பர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு இரும்பு - கார்பன் வரைபடத்தை இந்தியா மேப் மாதிரி மனப்பாடம் பண்ணி, காலையில எக்ஸாம் ஹால்ல ஒரே மூச்சுல வரைஞ்சு தள்ளிட்டு, மத்தியானம் கேன்டீன்ல முட்டை பப்ஸ் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மறந்துபோனோமே... அதே பேப்பர்தான். ‘727 டிகிரி, சுமார் 0.8 சதவிகிதம் கார்பன்’ங்கிறது மட்டும் மண்டைக்குள்ள எங்கேயோ ஒரு மூலையில ஒட்டிட்டு இருக்கும்.

அந்த ஒரு படத்தைப் பிடிச்சுக்கிட்டே அஞ்சு வருஷம், ஆறு வருஷம்னு ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. கேம்பஸ்ல கிடைச்ச ஆஃபர் லெட்டரை மடிச்சு உள்ளே வெச்சுட்டு வந்தவங்களும் அதுல உண்டு. இவங்களுக்கு என்ன கிறுக்கா? இல்ல, நாமதான் எதையோ மிஸ் பண்றோமா? அடுத்த வருஷம் ஃபைனல் இயர் போகப்போற மெக்கானிக்கல் மாணவன்ங்கிறதால, இது எனக்கும் சொந்தக் கேள்விதான். அதனால மெட்டீரியல்ஸ் சயின்ஸ் பக்கம் மேல்படிப்புக்குப் போனவங்க, போய் முடிச்சவங்க, பாதியில கழண்டுக்கிட்டவங்கன்னு சில பேரைத் தேடிப் பிடிச்சுப் பேசினேன். ‘பேர் மட்டும் போட்டுடாத தம்பி’ன்னு எல்லாருமே கேட்டுக்கிட்டாங்க. பின்னே, கைடும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்ல!

ஒரே இரும்பு... ரெண்டு குணம்!

முதல்ல மேட்டருக்கு வருவோம். உங்க ஊர் கொல்லுப்பட்டறையில அரிவாள் அடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பழுக்கக் காய்ச்சின இரும்பை ‘சொய்ங்’னு தண்ணியில முக்குவார். அதே இரும்பை முக்காம, சாம்பலுக்குள்ள புதைச்சு மெதுவா ஆற விட்டா? வளைச்சா வளையும். முக்கினது கெட்டிப்பட்டுக் கல் மாதிரி ஆயிடும், ஓங்கித் தட்டினா உடையவும் செய்யும். ரெண்டுலயும் இருக்கிறது அதே இரும்பு, அதே கார்பன். ஒரு அணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம் மட்டும்தான் வேற.

இதுதான் பாஸ் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்! ஒரு பொருளை எப்படித் தயாரிச்சோம், அதனால உள்ளே என்ன அமைப்பு வந்துச்சு, அந்த அமைப்பால என்ன குணம் வந்துச்சு, அந்தக் குணத்தோட அது வேலைக்கு நிக்குமா... இந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கு. இரும்புக்கு மட்டும் இல்ல, பீங்கான், பிளாஸ்டிக், சிலிக்கான் சில்லு, எலும்பு எல்லாத்துக்கும் இதே கதைதான். முன்னாடி இதெல்லாம் தனித்தனி டிபார்ட்மென்ட். ‘எல்லாம் ஒரே சயின்ஸ்தானப்பா’ன்னு 1950-களோட கடைசியில அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம்தான் முதல்ல ‘மெட்டீரியல்ஸ் சயின்ஸ்’னு போர்டு மாட்டுச்சு.

‘இதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?’ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கப்பல் கதை. 1943 ஜனவரி. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் துறைமுகத்துல ‘ஷெனெக்டடி’ன்னு ஒரு புத்தம்புது டேங்கர் கப்பல் சும்மா நின்னுட்டு இருந்துச்சு. புயல் இல்ல, அலை இல்ல, குண்டும் விழல. ராத்திரி பெரிய சத்தத்தோட நடுவுல ரெண்டாப் பொளந்துடுச்சு! அந்தக் காலத்து எஃகு, குளிர் ஏற ஏற வளையற குணத்தை இழந்து கண்ணாடி மாதிரி ஆயிடும். வெல்டிங்ல இருந்த சின்ன விரிசல் போதும், ஒட்டுமொத்தக் கப்பலும் காலி. ‘டக்டைல் டு பிரிட்டில் டிரான்ஸிஷன்’னு ரெண்டு மார்க் கேள்வியா நாம எழுதிட்டு வந்தது இதைத்தான்.

ஃபாரடே தலையைப் பிச்சுக்கிட்ட நம்ம ஊர் எஃகு

இந்த சப்ஜெக்ட்ல நாம வந்தேறிகள் இல்ல மக்களே. ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில இருக்கிற கொடுமணலுக்கு ஒரு நாள் பைக்ல போய்ப் பாருங்க. அகழாய்வுல இரும்பு, எஃகு உருக்கின உலைகளோட தடயங்கள் கிடைச்ச ஊர் அது. மூடின மண் குப்பிக்குள்ள இரும்பையும் கரிப்பொருளையும் வெச்சு உருக்கி எடுக்கிற ‘வூட்ஸ்’ எஃகு தென்னிந்தியாவோட சொத்து. ‘உக்கு’ங்கிற வார்த்தை வெள்ளைக்காரன் வாயில விழுந்துதான் ‘வூட்ஸ்’ ஆச்சுன்னு சொல்றாங்க. தமிழ்ல ‘உருக்கு’ன்னு சொல்றோமே, அதுக்குச் சொந்தக்கார வார்த்தை. மேற்கே போய் டமாஸ்கஸ் வாளா மாறினது இந்த எஃகுதான்.

அதோட ரகசியம் என்னன்னு கண்டுபிடிக்க, கொல்லர் வீட்டுப் பிள்ளையான மைக்கேல் ஃபாரடே 1819-லயே இதைப் பகுத்துப் பார்த்து ஒரு பேப்பர் எழுதினார். ஆமா, மின்காந்தத்துல வர்ற அதே ஃபாரடேதான்! பேப்பர் வந்துச்சு, ரகசியம் முழுசா வெளியே வரல. 2006-ல ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 17-ம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒண்ணை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு, உள்ளே கார்பன் நானோ குழாய்கள் இருக்குன்னு ‘நேச்சர்’ இதழ்ல எழுதினாங்க. நம்ம பட்டறைத் தாத்தாவுக்கு ‘நானோ’ங்கிற வார்த்தை தெரிஞ்சிருக்காது. எந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் வெச்சா எஃகு எப்படி வரும்னு மட்டும் கையும் கண்ணும் சொல்லியிருக்கு.

(இந்தப் பெருமையைச் சொல்லிக்கிட்டே நாம அந்தப் பேப்பர்ல அரியர் வைக்கிறது வேற விஷயம்!)

லேப்ல ஒரு நாள்... ஏழு எமரி ஷீட்!

‘ரிசர்ச்’னதும் நமக்கு ஞாபகம் வர்றது வெள்ளைக் கோட்டு, கலர் கலர் குடுவை. நிஜத்துல முதல் ஆறு மாசம் தேய்க்கற வேலைதான்.

‘ஸ்டீல் சாம்பிளை சின்னதா வெட்டி, பேக்லைட்ல பதிச்சு, எமரி ஷீட்ல தேய்க்க ஆரம்பிப்போம். 220-ல ஆரம்பிச்சு 1200 வரைக்கும் போகும். ஒவ்வொரு ஷீட் மாத்தும்போதும் சாம்பிளை 90 டிகிரி திருப்பணும். பழைய கோடெல்லாம் போய் புதுக் கோடு மட்டும் தெரியற வரைக்கும் தேய்க்கணும். அவசரப்பட்டு ஒரு ஷீட்டைத் தாண்டினா, கடைசியில வெல்வெட் துணியில பாலிஷ் போடும்போது அந்த ஒத்தைக் கோடு பல்லை இளிக்கும். திரும்பவும் முதல்ல இருந்து வா!’ன்னு சிரிக்கிறார், சென்னையில ஒரு பெரிய கல்வி நிறுவனத்துல நாலாவது வருஷம் பிஹெச்.டி. பண்ற அக்கா. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கைவிரல் நுனியெல்லாம் கறுப்பா இருக்கு. ‘மருதாணி மாதிரி, சீக்கிரம் போகாது!’

பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆன பிறகும் மைக்ராஸ்கோப்ல ஒண்ணும் தெரியாதாம். ஆல்கஹால்ல ரெண்டு சதவிகிதம் நைட்ரிக் அமிலம் கலந்த ‘நைட்டால்’ல சில விநாடி காட்டி எடுக்கணும். கூடுதலா ரெண்டு விநாடி விட்டா மொத்தமும் கறுத்துடும். சரியா வந்துடுச்சுன்னா... வெள்ளை வெள்ளையா ஃபெர்ரைட், நடுநடுவுல கறுப்பா பெர்லைட். இன்னும் பெரிசாக்கிப் பார்த்தா கைரேகை மாதிரி வரி வரியா இருக்கும். வெளிச்சத்துல முத்துச்சிப்பியோட உள்பக்கம் மாதிரி மின்றதாலதான் அதுக்கு பெர்லைட்னு பேர். ‘முதல் தடவை பார்த்தப்ப, புக்ல இருந்த படம் நிஜம்தான்னு தோணுச்சு. அவ்வளவுதான். அழுகையெல்லாம் வரல. ஆனா ஹாஸ்டலுக்குப் போக மனசு வரல’ என்கிறார்.

எங்க காலேஜ்லயும் ஒரு மெட்டலர்ஜிக்கல் மைக்ராஸ்கோப் இருக்கு. அதுக்குப் போர்த்தியிருக்கிற பச்சைத் துணியைத்தான் நாங்க பார்த்திருக்கோம். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது மட்டும் அது துணி இல்லாம நிக்கும். உங்க காலேஜ்ல எப்படி? லேப் அசிஸ்டென்ட் அண்ணனை ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்க. பல கதவு டீயில திறக்கும்.

இந்தத் துறையில பொறுமைக்கு ஒரு உலக சாதனையே இருக்கு. சூட்டுலயும் பாரத்துலயும் ஒரு உலோகம் கொஞ்சம் கொஞ்சமா இழுபடறதுக்கு ‘க்ரீப்’னு பேர். அனல்மின் நிலையக் குழாய் எத்தனை வருஷம் தாங்கும்னு சொல்ல, அதை அளந்தே ஆகணும். ஜப்பானின் தேசிய மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல 1969-ல ஒரு எஃகுத் துண்டை 400 டிகிரி சூட்டுல பாரம் கட்டித் தொங்க விட்டாங்க. 2011 வரைக்கும் தொங்குச்சு! ஆரம்பிச்சு வெச்சவர் ரிட்டையர் ஆகி, அவருக்கு அப்புறம் வந்தவரும் ரிட்டையர் ஆகியிருப்பார். நாம என்னடான்னா, நெட் ரெண்டு நிமிஷம் ஸ்லோவானா ரூட்டரை முறைக்கிறோம்.

நோட்டுல மூணு கேள்விக்குறி

ஆராய்ச்சியில கெட்ட ரிசல்ட் வந்தா என்ன பண்றதுன்னு கேக்கற எல்லாருக்கும் சீனியர்கள் சொல்ற பேர், டான் ஷெக்ட்மன். இஸ்ரேல்காரர். 1982 ஏப்ரல் 8-ம் தேதி அமெரிக்காவில் தேசிய தர நிர்ணய ஆய்வகத்துல, உருக்கி டக்குனு குளிர வெச்ச அலுமினியம் - மாங்கனீஸ் கலவையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தார். புள்ளிகள் பத்துப் பத்தா வட்டம் கட்டி நிக்குது. படிகத்துல அப்படி ஒரு ஒழுங்கு வரவே முடியாதுன்னு அன்னைக்கு எல்லாப் புத்தகமும் சொல்லிச்சு. நோட்டுல எழுதி, பக்கத்துல மூணு கேள்விக்குறி போட்டார்.

‘போய் அடிப்படைப் புத்தகத்தைப் படி’ன்னு கையில பாடப்புத்தகத்தைக் கொடுத்தாங்க. அப்புறம் ஆராய்ச்சிக் குழுவை விட்டே போகச் சொன்னாங்க. ரெண்டு நோபல் வாங்கின லைனஸ் பாலிங் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. பேப்பர் வெளியானது 1984-ல. வேதியியல் நோபல் 2011-ல, அதுவும் தனி ஆளா! இதுல கவனிக்க வேண்டியது நோபல் இல்லைங்க. அன்னைக்கு அவர் பார்த்த அந்தப் புள்ளிகளை இன்னும் எத்தனையோ பேர் பார்த்து, ‘சாம்பிள் சரியில்ல’ன்னு குப்பையில போட்டிருக்கலாம். குப்பையா, கண்டுபிடிப்பான்னு பிரிக்கத் தெரியறதுக்குத்தான் அந்த ஏழு எமரி ஷீட் பயிற்சி எல்லாம்.

ஸ்டாக்ஹோம் மேடையில ஒரு மதுரை மாணவர்

2019-ல லித்தியம் பேட்டரிக்காக வேதியியல் நோபல் மூணு பேருக்குக் கிடைச்சது. விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ. அதுல ஜான் குட்இனஃப்புக்கு அப்ப 97 வயசு. அவருடைய நோபல் உரையை அவர் சார்பா ஸ்டாக்ஹோம்ல நிகழ்த்தினவர் யார் தெரியுமா? அருமுகம் மந்திரம். தமிழ்நாட்டுல ஒரு கிராமத்துல பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்துல வேதியியல் படிச்சு, ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பிஹெச்.டி. முடிச்சு, மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துலயே விரிவுரையாளரா வேலை பார்த்தவர். அப்புறம்தான் குட்இனஃப்போட ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். இன்னைக்கு டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துல பேராசிரியர்.

அவர் செஞ்சது என்னன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கங்க, சூப்பரா இருக்கும். அப்ப லித்தியம் பேட்டரிக்கு கோபால்ட் வேணும். விலை ஜாஸ்தி. இரும்பு மலிவு, ஆனா இரும்பு ஆக்ஸைடுல வோல்டேஜ் கம்மி. மந்திரமும் குட்இனஃப்பும் 1980-களில் ஆக்ஸைடுக்குப் பதிலா சல்ஃபேட், மாலிப்டேட் மாதிரி கூட்டு அயனிகளை வெச்சுப் பார்த்தாங்க. அதே இரும்புதான், ஆனா மாலிப்டேட்ல 3.0 வோல்ட், சல்ஃபேட்ல 3.6 வோல்ட்! பக்கத்துல உக்காந்திருக்கிற அணு யாருங்கிறதைப் பொறுத்து இரும்போட குணம் மாறுது. இந்த வழியிலயே போய் 1997-ல குட்இனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டு வந்துச்சு. உலகம் பூரா ஓடற எத்தனையோ மின்சார பஸ்ஸுக்குள்ள இருக்கிறது அதுதான்.

கெமிஸ்ட்ரி படிச்சவர் இங்கே வந்தார்னா, மெக்கானிக்கல்ல இருந்தும் வரலாம். சுப்ரா சுரேஷ் 1977-ல ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல மெக்கானிக்கல் முடிச்சவர். உலோகம் எப்படிச் சோர்ந்து விரிசல் விடுதுன்னு ஆராய்ச்சி பண்ணி, எம்.ஐ.டி-யில மெட்டீரியல்ஸ் துறைத் தலைவராவே ஆனார். அதோட நிக்கல. உலோகத்தை அழுத்திப் பார்க்கிற அதே கண்ணோட, மலேரியா தாக்கின ரத்தச் சிவப்பணு எவ்வளவு விறைச்சுப்போகுதுன்னு அளந்தார். விரிசல் எங்கே கொண்டுபோய் விடுது பாருங்க!

நம்ம காரைக்குடியை விட்டுட்டா செட்டிநாட்டு மக்கள் அடிக்க வருவாங்க. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டின மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கு. பேட்டரி, அரிமானம்னு ஆராய்ச்சிக்கு பிஹெச்.டி. இடமும் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல வேற மாதிரி தலைவலி. வேக ஈனுலைக்குள்ள நியூட்ரான் அடிக்கிற அடியில எஃகு உள்ளுக்குள்ள பொத்தல் விழுந்து, இட்லி மாவு மாதிரி உப்ப ஆரம்பிக்கும். உப்பாத எஃகு எதுன்னு தேடறதே அங்கே ஒரு பெரிய வேலை.

சரி... கைக்கு எவ்வளவு வரும்?

இப்ப வர்றேன் உண்மையான கேள்விக்கு. கதை கேக்க நல்லாத்தான் இருக்கு, வீட்ல என்ன சொல்றது?

‘கேட்’ எழுதி எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய், ரெண்டு வருஷம். பிஹெச்.டி-க்கு 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகை முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்.ஆர்.எஃப். ஆனா 42,000. விதிமுறைப்படி வீட்டு வாடகைப் படி தனி. 2018-ல ஆரம்பிச்ச பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துல 70,000-ல ஆரம்பிக்குது, ஆனா அது கிடைக்கிறவங்க கொஞ்சம் பேர்தான். அதை நம்பி வீட்ல வாக்குக் கொடுத்துடாதீங்க.

37,000 மோசமான தொகை இல்ல. பிரச்னை வேற. ‘மாசாமாசம் ஒண்ணாம் தேதி வரும்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு தடவை நாலு மாசம் சேர்த்து வந்துச்சு. நடுவுல மெஸ் பில்லுக்கு தம்பிகிட்ட கடன் வாங்கினேன். அவன் எனக்கு அஞ்சு வயசு சின்னவன், பி.காம். முடிச்சுட்டு வேலைக்குப் போறவன்’ என்கிறார், வேற ஒரு இடத்துல ஆராய்ச்சி பண்ற அண்ணன். சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப்ல இருக்கிறவங்ககிட்ட ‘பணம் எப்போ வருது?’ன்னு வெட்கப்படாம கேட்டுடுங்க. எவ்வளவுங்கிறதை விட எப்போங்கிறதுதான் முக்கியம்.

எஜுகேஷன் லோன் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும்தான் தவணை கேக்க மாட்டாங்க. அதுக்குள்ள வட்டி ஏறிட்டே இருக்கும். மேல்படிப்புக்குப் போறதா இருந்தா தவணையைத் தள்ளி வைக்க முடியுமான்னு, அட்மிஷனுக்கு முன்னாடியே அப்பாவைக் கூட்டிட்டுப் போய் பேங்க்ல நேரா கேளுங்க. நோட்டீஸ் வந்த பிறகு போனா மேனேஜர் டோன் வேற மாதிரி இருக்கும். என் அபிப்பிராயம் கேட்டா, வீட்ல நிஜமாவே அடுப்பு எரிய உங்க சம்பளம் வேணும்னா, முதல்ல வேலைக்குப் போங்க. ரெண்டு வருஷம் ஃபவுண்டரியிலயோ ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்லயோ வேலை பார்த்துட்டு வர்றவங்களை நிறைய பேராசிரியர்கள் விரும்பித்தான் எடுக்கிறாங்க. உலை எப்படி இருக்கும்னு அவங்களுக்குப் புதுசா சொல்லித்தர வேண்டாம் பாருங்க.

எம்.டெக். முடிச்சுட்டு கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒண்ணுல தரக் கட்டுப்பாட்டுல இருக்கிற ஒரு அண்ணன் சொன்னது இது. ‘முதல் ஆஃபர், ஐ.டி-க்குப் போன என் கிளாஸ்மேட்டுங்களோட ஒப்பிட்டா கம்மிதான். ஆனா பம்ப் இம்பெல்லர் உடைஞ்சு வந்தா, உடைஞ்ச இடத்தைப் பார்த்தே இது வார்ப்புல தப்பா, டிசைன்ல தப்பா, கஸ்டமர் தப்பான்னு சொல்லிடுவேன். முதலாளி என் வார்த்தையை வெச்சுத்தான் கஸ்டமர்கிட்ட பேசுவார். அந்த மரியாதைக்கு நான்தான் ரேட் போடணும்.’

எப்படி உள்ளே போறது?

‘கேட்’ தேர்வு வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல. மூணு மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். மெட்டலர்ஜி படிச்சவங்களுக்கு எம்.டி. பேப்பர். மத்தவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியல. எக்ஸ்.ஈ. பேப்பர்! அதுல இன்ஜினீயரிங் மேத்ஸ் கட்டாயம், மீதியில ரெண்டு பிரிவு நம்ம சாய்ஸ். மெட்டீரியல்ஸ் சயின்ஸும் திடப்பொருள் இயக்கவியலும் எடுத்தா மெக்கானிக்கல் மக்களுக்குப் பாதி சிலபஸ் ஏற்கெனவே தெரிஞ்சதுதான். எந்த இடத்துல எந்தப் பேப்பரை ஏத்துக்கறாங்கன்னு அந்தந்த வருஷ அறிவிப்புல பார்த்துட்டு அப்ளை பண்ணுங்க. மூணாம் வருஷத்துலயே எழுதலாம்ங்கிறது இன்னொரு நல்ல சேதி. ஆரம்பப் பாடத்துக்கு ஐ.ஐ.டி. டெல்லி பேராசிரியர் வி.ராகவன் எழுதின புத்தகத்தைத்தான் சீனியர்கள் கை காட்டறாங்க. ஒல்லியா இருக்கும், விலையும் கையைக் கடிக்காது.

சேர்றதுக்கு இடம்னா பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி., ஐ.ஐ.டி-க்கள், திருச்சி என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், கோவை பி.எஸ்.ஜி. டெக்னு லிஸ்ட் நீளும். இன்டர்வியூல என்ன கேப்பாங்க? ‘எல்லாத்தையும் கேக்க மாட்டாங்க. பிடிச்ச சப்ஜெக்ட் எதுன்னு கேட்டுட்டு, அதுலயே தோண்டுவாங்க’ என்கிறார் திண்டுக்கல் அக்கா. ‘என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். தண்ணியில முக்கின ஸ்டீல் ஏன் கெட்டியாகுது? மார்ட்டென்சைட்னு சொன்னேன். அது ஏன் கெட்டின்னு கேட்டாங்க. கார்பன் மாட்டிக்குதுன்னு சொன்னேன். மாட்டிக்கிட்டா ஏன் கெட்டின்னு கேட்டாங்க. ஒவ்வொரு ‘ஏன்’லயும் ஒரு படி கீழ இறங்கி, டிஸ்லொகேஷன் நகர முடியாம நிக்கிறது வரைக்கும் வந்தேன். அதுக்கும் கீழ தெரியலைன்னேன். ‘நல்லது, அதைத்தான் இங்கே படிக்கப்போறே’ன்னாங்க.’

வெளிநாடுன்னா கணக்கு வேற. அமெரிக்காவில் எம்.எஸ். பெரும்பாலும் சொந்தக் காசு. பிஹெச்.டி-ன்னா வழக்கமா ஃபீஸ் தள்ளுபடி, ஆராய்ச்சி உதவியாளர் சம்பளமும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர்ல முடியும். மூணு சிபாரிசுக் கடிதம் வேணும். இந்த மூணுதான் நம்ம ஆளுங்களுக்குப் பெரிய கண்டம்! அறுபது பேர் கிளாஸ்ல நம்ம பேரே தெரியாத சார் என்ன எழுதுவார்? ‘நல்ல பையன், ஒழுங்கா வருவான்’னு எழுதுவார். அதை வெச்சு ரேஷன் கார்டுதான் வாங்கலாம். உங்களோட சேர்ந்து ஒரு புராஜெக்ட் பார்த்தவர்தான் உருப்படியா எழுத முடியும். அதுக்காகவே லீவுல இன்டர்ன்ஷிப் தேடுங்க. இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்துற கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துல உதவித்தொகையோட ரெண்டு மாசம் நிஜ லேப்ல இருக்கலாம். இது நமக்குப் பிடிக்குமா, பிடிக்காதாங்கிறதும் அந்த ரெண்டு மாசத்துலயே தெரிஞ்சுடும்.

கல்யாணம் மாதிரி... கைடு!

ரெண்டு வருஷத்துல பிஹெச்.டி-யை விட்டுட்டு வந்த ஒருத்தரைப் பிடிச்சேன். இப்போ ஒரு கம்பெனியில டேட்டா வேலை. கசப்பா பேசுவார்னு நினைச்சேன். அமைதியா பேசினார். ‘டாபிக் பிடிச்சிருந்துச்சு. கைடுதான் செட் ஆகல. அவர் கெட்டவர் இல்ல, ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். நான் வாராவாரம் யாராவது கேட்டாத்தான் வேலை செய்யற ஆள். சேர்றதுக்கு முன்னாடி அவரோட பழைய மாணவர்கள் ரெண்டு பேருக்கு போன் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இன்ஸ்டிட்யூட் பேரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல.’

கேக்க வேண்டியதையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அந்த லேப்ல சராசரியா எத்தனை வருஷத்துல முடிக்கிறாங்க, முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்க, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் சொந்தமா இருக்கா, இல்ல வெளியில ஸ்லாட் புக் பண்ணிக் காத்திருக்கணுமா, பாதியில போனவங்க எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு பதில் சொல்லத் தயங்கினா, அந்தத் தயக்கமே பதில்னார்.

பொண்ணுங்களுக்கு இதுல இன்னொரு மாட்டு இருக்கு. பிஹெச்.டி. முடியும்போது வயசு 27, 28. ‘ஊர்ல எந்த விசேஷத்துக்குப் போனாலும், ‘இன்னும் படிப்பு முடியலையா?’ன்னு ஆரம்பிப்பாங்க. அம்மாதான் பாவம், எனக்குப் பதிலா அவங்க பதில் சொல்லிட்டு நிக்கிறாங்க. போன தீபாவளிக்கு ஒரு காரியம் பண்ணேன். என் சாம்பிளோட போட்டோவை பிரின்ட் போட்டு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, ‘கோலம் மாதிரி இருக்குடி’ன்னாங்க. இப்போ யாராவது கேட்டா, பீரோவுல இருந்து அதை எடுத்துக் காட்டுறாங்க. யாருக்கும் ஒண்ணும் புரியறதில்ல, ஆனா கேள்வி நின்னுடுச்சு’ன்னு அக்கா கண்ணைச் சிமிட்டுறார்.

‘வேலைக்குப் போயிருக்கலாமேன்னு தோணலையாக்கா?’

‘மாசத்துல ரெண்டு தடவை தோணும். டெஸ்ட் பீஸ் தப்பான இடத்துல உடையும்போது ஒண்ணு, ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல கார் போட்டோ வரும்போது ஒண்ணு’ன்னவர், வாட்சைப் பார்த்துட்டுப் பையைத் தூக்குறார். 72 மணி நேரத்துக்குப் போட்ட ஃபர்னஸ், இன்னும் இருபது நிமிஷத்துல முடியுதாம். ‘வர்றியா தம்பி? எடுத்ததும் தண்ணியில முக்கணும், சத்தம் நல்லா இருக்கும். ஷூ போட்டிருக்கேல்ல?’